எதிர்க்கடையும் எங்கள் சங்கமும்

ஏற்காட்டில் காபிச் செடிக்குச் சங்கம் உண்டு, காபிக் கடைக்குக் கிடையாது. நான் சொல்வது எழுபதுகளின் கடைசி. சேர்வராயன் மலைக்கு 1820-களில் காபியைக் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டர் காக்பர்ன் என்பது எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அவருக்குப் பின்னால் வந்த தோட்டக்காரத் துரைமார்கள் செடி நட்டதோடு நிற்கவில்லை. தென்னிந்தியத் தோட்டக்காரர்கள் சேர்ந்து 1893-லேயே உபாசி என்ற சங்கத்தை ஆரம்பித்துவிட்டார்கள். விலை இறங்கினால் தந்தி, வரி ஏறினால் மனு, செடியில் பூச்சி விழுந்தால் விஞ்ஞானி. அந்தச் செடியின் கொட்டையை வறுத்து அரைத்த தூளை டிக்காஷன் இறக்கி, டம்ளரில் ஆற்றிக் கொடுக்கிற எங்கள் அப்பாவுக்கு, விலை ஏறினாலும் இறங்கினாலும் முறையிட இருந்த ஒரே ஆள் என் அம்மா.

இதிலும் ஒரு கூத்து. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் காபிச் செடி. கடைக்குள் காபித்தூள் மட்டும் சேலத்தில் பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவும் சுற்றி, சிக்கரி சகிதம் வந்து இறங்கும். விளைந்ததையெல்லாம் காபி வாரியத்தின் பொதுக் கிடங்குக்குக் கொடுத்துவிட வேண்டும், வாரியம்தான் விற்கும் என்பது 1942-ஆம் வருஷத்துச் சட்டம். தொண்ணூறுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றைத் தளர்த்தி, 1996-இல்தான் முழுசாக அவிழ்த்துவிட்டார்கள். அதுவரைக்கும் ஏற்காட்டுக் காபியை ஏற்காட்டிலேயே குடிக்க வேண்டுமென்றால், அது ஒருமுறை மலையிறங்கிப் போய் ஊர் உலகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும்.

அப்பாவின் மெஸ் ஒண்டிக்கடை முக்கிலிருந்து ஏரிக்கு இறங்குகிற வழியில் இருந்தது. முன்னால் பாய்லர், பக்கத்தில் கல்லா, உள்ளே நாலு பெஞ்சு. மார்கழிக் குளிரில் மாவு பொங்காது. ராத்திரி அடுப்பு ஆறுவதற்குள் மாவுக் குண்டானை மேடையில் ஏற்றி, கோணிச் சாக்கைப் போர்த்திவிட்டு, அதற்கப்புறம்தான் அப்பா தனக்குப் போர்த்திக்கொள்வார். எதிரே இன்னொரு மெஸ். அதன் முதலாளியை நாங்கள் மாமா என்று கூப்பிட வேண்டும். அப்பா அவரோடு பேச மாட்டார். பெரிய சண்டையெல்லாம் இல்லை. மான்ட்ஃபோர்ட் பள்ளியில் பிள்ளையைப் பார்க்க வந்த ஒரு குடும்பம் எங்கள் வாசல் வரை வந்து, தோசை விலையைக் கேட்டுவிட்டு, எதிரே போய் உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான். அந்தக் குடும்பம் அன்றைக்கே ஊருக்குப் போயிருக்கும். பகை மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

ஆனால் பேசாமலே இரண்டு பேரும் ஒரு சங்கம் நடத்தினார்கள். சர்க்கரை தீர்ந்தால் பின்கட்டு வழியாகப் பொடியன் எவர்சில்வர் தூக்கோடு எதிரே போவான். "எங்க முதலாளி கேக்கலைங்க, நானாத்தான் வந்தேன்" என்பான். அங்கிருந்தும் "எங்க முதலாளிக்குத் தெரியாதுங்க" என்று சர்க்கரை வரும். சானிட்டரி இன்ஸ்பெக்டர் பஸ்ஸை விட்டு இறங்குவதை எந்தக் கடைப் பொடியன் முதலில் பார்க்கிறானோ, அவன் மற்றக் கடைக்கு ஓடிச் சொல்ல வேண்டும். இது எழுதாத ஒப்பந்தம். 1954-ஆம் வருஷக் கலப்படத் தடைச் சட்டத்தின் முழு பலமும் அந்த மனிதரின் தோல்பையில் இருந்தது. அவர் வருவதற்குள் பாலில் கலந்த தண்ணீரைத் திரும்ப எடுக்க முடியாதுதான். ஆனால் நெய் ரோஸ்ட்டுக்குக் கல்லைச் சூடாக்கி வைக்கலாம்.

அந்தப் பொடியன்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும். மேஜை துடைக்க, இலை எடுக்க, தண்ணீர் வைக்க அவர்கள்தான். அதை யாரும் ஒரு விஷயமாக நினைத்ததே இல்லை. சாப்பாடு போட்டு வேலையும் கொடுப்பது தர்மம் என்று அப்பா மனதார நம்பினார். ஓட்டல்களிலும் தாபாக்களிலும் குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற அரசு அறிவிப்பு 2006 அக்டோபர் 10-ஆம் தேதி அமலுக்கு வந்தபோது அப்பா கல்லாவை என்னிடம் கொடுத்துவிட்டிருந்தார். "இங்கே குழந்தைத் தொழிலாளர் யாரும் இல்லை" என்ற பலகையை, அதற்குள் உருவாகியிருந்த ஓட்டல்காரர் சங்கம்தான் அடித்துக் கொடுத்தது. நானும் எதிர்க்கடையும் ஒரே நாளில் மாட்டினோம்.

சங்கம் என்று ஒன்று வந்த கதைக்கு முன்னால் 1978-ஐச் சொல்லியாக வேண்டும். அந்த வருஷம் உச்ச நீதிமன்றம், நார்தர்ன் இந்தியா கேட்டரர்ஸ் என்ற கம்பெனி தொடுத்த வழக்கில், ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவது "விற்பனை" ஆகாது, அதனால் அதற்கு விற்பனை வரி கிடையாது என்று சொல்லிவிட்டது. அதற்கு நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று ரசமானது. சாப்பிட்டு மீந்ததைக் கட்டி எடுத்துப் போகும் உரிமை வாடிக்கையாளருக்குக் கிடையாதாம். ஆகவே அவர் பண்டத்தை வாங்கவில்லை, உபசாரத்தைத்தான் வாங்குகிறார். செய்தியை அப்பா கல்லாவில் உட்கார்ந்து உரக்கப் படித்தார். எதிர்க்கடை மாமாவும் வாசலுக்கு வந்து நின்று கேட்டார். அன்றைக்கு இரண்டு கடையிலும் கேசரி. எங்கள் வியாபாரம் வரி வரம்பை எட்டியதே இல்லை, கட்டாத வரி ரத்தானதற்குத்தான் இந்தக் கேசரி என்பது அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அரசாங்கம் சும்மா இருக்குமா? 1982-இல் அரசியலமைப்புச் சட்டத்தையே திருத்தினார்கள். 46-ஆவது திருத்தம். சாப்பாடு பரிமாறுவதும் விற்பனைதான் என்று அதில் எழுதி வைத்தார்கள். "நிலத்துக்கு மாத்துனாங்க, மன்னர் மானியத்துக்கு மாத்துனாங்க. இப்ப நம்ம தோசைக்கும் மாத்திப்புட்டாங்க பாரு கண்ணு" என்றார் அப்பா. குரலில் வருத்தத்தைவிடப் பெருமை ஒரு கரண்டி கூடுதலாக இருந்தது. இன்றைய ஜிஎஸ்டியில் அதே தோசை மறுபடியும் "சேவை"க் கணக்கில் வருகிறது. அப்பா இருந்திருந்தால் இதற்கு என்ன செய்திருப்பார் என்று யோசிப்பதுண்டு. அநேகமாகக் கேசரிதான்.

எங்கள் ஊரில் ஓட்டல்காரர்கள் ஒன்றுகூடியது எண்பதுகளின் நடுவில். இதற்கு மார்க்ஸும் காரணமில்லை, விற்பனை வரியும் காரணமில்லை. நன்கொடை ரசீதுப் புத்தகங்கள்தான் காரணம். திருவிழா, விளையாட்டுப் போட்டி, கட்சிக் கூட்டம் என்று யார் வந்தாலும் முதலில் எங்கள் கடைக்கு வந்து, "எதிர்க்கடைல நூறு எழுதியிருக்காருங்க" என்பார்கள். எதிரே போய் அதையே திருப்பிச் சொல்வார்கள். இரண்டு முதலாளிகளும் பேசிக்கொள்ளாததால் இந்த வித்தை ரொம்ப காலம் ஓடியது. ஒருநாள் அம்மாவும் எதிர்க்கடை அத்தையும் ரேஷன் கடை வரிசையில் நின்றபோது கணக்கு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். அடுத்த மாதம் சங்கம் பிறந்தது. இனி நன்கொடை சங்கத்தின் பெயரில், மொத்தமாக, ஒரே ரசீது.

முதல் கூட்டத்தில் முதல் பிரச்சினை, கூட்டத்துக்குக் காபி எந்தக் கடையில் வாங்குவது என்பது. உறுப்பினர் யார் கடையில் வாங்கினாலும் மற்றவருக்குப் பாரபட்சம். அரை மணி நேரம் விவாதித்து, எல்லோரும் கலர் சோடா குடித்தார்கள். காபித் தோட்டத்துக்கு நடுவே, காபி விற்கிற இருபது முப்பது பேர் கலர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சியை நான் பார்த்தேன். இன்றைக்கும் கூட்டத்துக்கு டீ, சங்கத்தில் சேராத ஒரு பேக்கரியிலிருந்துதான் வருகிறது. அந்தப் பேக்கரிக்காரர் சங்கத்தில் சேர விரும்பினார். சேர்த்தால் டீ எங்கே வாங்குவது என்று நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இரண்டாவது தீர்மானம் விலைப்பட்டியல். இட்லி, தோசை, பொங்கல், அளவு சாப்பாடு எல்லாவற்றுக்கும் ஒரே விலை என்று ராத்திரி எட்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டார்கள். காலை டிபன் முடிவதற்குள் பட்டியல் செத்துப்போனது. எதிர்க்கடை மாமா விலையைக் குறைக்கவில்லை, சத்தியம் தவறாத மனிதர். தோசையைப் பெரிதாக்கிவிட்டார். அப்பா பதிலுக்கு இரண்டாவது சட்னி வைத்தார். மூன்றாவது கடைக்காரர் சாம்பாரை வாளியோடு மேஜையில் வைத்தார். தோசையின் விட்டத்தைத் தீர்மானத்தில் சேர்க்கலாமா என்று அடுத்த கூட்டத்தில் பேச்சு வந்தது. யார் அளப்பது என்ற கேள்வியில் நின்றுபோனது.

எதிரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறானோ, எங்கள் சங்கத்தில் அவ்வளவு ஒற்றுமை. டெல்லியில் இருந்தால் நூறு சதவீதம். பெங்களூரில் இருந்தால் தொண்ணூறு. சேலத்தில் இருந்தால் பாதிப் பேர் வருவார்கள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் சங்கமே கிடையாது.

டெல்லியை எதிர்த்தது 2017-இல். ஜிஎஸ்டி வரப்போகிறது, ஏசி இல்லாத ஓட்டலுக்கு 12 சதவீதம், ஏசி இருந்தால் 18 என்றார்கள். தமிழ்நாடு ஹோட்டல்கள் சங்கம் மே 30 அன்று மாநிலம் முழுக்கக் கடையடைப்பு என்று அறிவித்தது. சென்னைக்காரர்களுக்கு மே 30 ஒரு செவ்வாய்க்கிழமை, அவ்வளவே. எங்களுக்கு அது சீசன். மே மாதம் சம்பாதிப்பதில்தான் ஐப்பசி, கார்த்திகை மழைக்கால மாதங்களை ஓட்ட வேண்டும். இருந்தும் அத்தனை ஷட்டரும் இறங்கின. நானும் எதிர்க்கடை மாமா மகனும் ஒரே நேரத்தில் இறக்கினோம், யார் முதலில் இறக்குவது என்று பத்து நிமிஷம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு.

எட்டு மணிக்கு லாட்ஜுகளிலிருந்து ஜனங்கள் இறங்கி வந்தார்கள். லேடீஸ் சீட் பார்க்க வந்தவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், தலையில் குல்லாயோடு தாத்தாக்கள். பூட்டிய கடைகளின் முன்னால் அறிவிப்பைப் படித்துவிட்டு, ஜிஎஸ்டி என்றால் என்ன என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. பின்கட்டில் பெரிய அண்டாவில் உப்புமா கிளறிவிட்டார். "காசு வாங்குனாத்தான் ஓட்டலு. வாங்காட்டி அது வூட்டுச் சாப்பாடு. எந்தச் சங்கத்துக்கும் நான் கட்டுப்பட்டவ இல்லீங்க" என்றார். கடையடைப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வந்த சங்கச் செயலாளர் வாசனை பிடித்துப் பின்கட்டுக்கே வந்துவிட்டார். கோபமாகத்தான் வந்தார். இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிடும்போது கோபம் தணிந்திருந்தது. "மத்தியானத்துக்கு என்னங்கம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

போராட்டத்துக்குப் பலன் இருந்தது. அந்த வருஷம் நவம்பரில் கவுகாத்தியில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், ஓட்டல் வரியை 5 சதவீதமாக்கியது. 15-ஆம் தேதி முதல் அமல். சங்கத்தில் ஸ்வீட் கொடுத்தார்கள் (பேக்கரியில் வாங்கியது). ஸ்வீட்டைத் தின்று முடித்தபிறகு ஆடிட்டர் ஒரு வரியை வாசித்துக் காட்டினார். உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி இனிக் கிடையாது. அதாவது கடை வாடகைக்கு, வணிக சிலிண்டருக்கு, கிரைண்டருக்கு, ஃப்ரிட்ஜுக்கு நாம் கட்டுகிற வரி நம் தலையில்தான், வாடிக்கையாளரிடம் வாங்குகிற 5-இல் அதைக் கழிக்க முடியாது. எங்கள் கையில் கணக்குப் பார்க்கும்போது வாடிக்கையாளர் ஜெயித்திருந்தார், அரசாங்கமும் நஷ்டப்படவில்லை. போராடியவர்கள் மீதி. ஆனாலும் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. அந்தக் கணக்கை எங்களுக்குப் புரிகிற தமிழில், சேலத்து ஆடிட்டரை மலையேற்றிக் கூட்டிவந்து, ஒருத்தர் விடாமல் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது சங்கம்தான். அப்பா காலத்தில் வரி அதிகாரியின் கடிதம் வந்தால், அதைப் பூஜை அறையில் வைத்துவிட்டுச் சேர்வராயன் கோயிலுக்கு நேர்ந்துகொள்வார்கள்.

சங்கத்தின் நிஜமான வேலை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கோஷம் போடுவதில் இல்லை, காகிதம் படிப்பதில் இருக்கிறது. 2011 ஆகஸ்டில் புது உணவுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. வருஷ விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் என்றால் பதிவு, மேலே போனால் உரிமம் என்று பிரித்தார்கள். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, வேலையாட்களுக்கு மருத்துவச் சான்று, பின்னாளில் பில்லில் 14 இலக்க எண். பழைய இன்ஸ்பெக்டரின் தோல்பை போய் இணையதளம் வந்தது. இன்ஸ்பெக்டருக்கு ரோஸ்ட் போட்டால் சிரிப்பார், இணையதளம் எதைப் போட்டாலும் "பிழை" என்கிறது. செயலாளரின் அக்காள் மகன் ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் விண்ணப்பம் ஏற்றிக் கொடுத்தான். மலையில் மேகம் இறங்கினால் சிக்னல் போய்விடும். அவனை ஏரி மேட்டில் ஒரு மரத்தடியில் உட்காரவைத்து, நாங்கள் ஆளாளுக்குக் குடை பிடித்தோம். என் உரிமத்துக்கு எதிர்க்கடைக்காரர் குடை பிடித்தார்.

பிறகு பயிற்சி வகுப்பு. ஒவ்வொரு ஓட்டலிலும் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்று வந்தது. சங்கம் கல்யாண மண்டபத்தைப் பிடித்தது. முதல் வரிசையில் எங்கள் பஜ்ஜி மாஸ்டர். மிளகாய் பஜ்ஜி இல்லாமல் ஏற்காட்டு ஏரி கிடையாது. அந்தக் குளிருக்கும் மிளகாயின் காரத்துக்கும் இருக்கிற உறவை எந்த விஞ்ஞானியும் விளக்க வேண்டியதில்லை. மாஸ்டருக்குத் தலைக்குல்லாய், கையுறை, ஏப்ரன் மாட்டினார்கள். பயிற்சியாளர் பேனா மாதிரி ஒரு கருவியைக் கொதித்த எண்ணெயில் விட்டு எடுத்துக் காட்டினார். பொரிக்கப் பொரிக்க எண்ணெயில் சேரும் கசடுப் பொருள்களை அது அளக்கும். 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது, 2018 ஜூலையிலிருந்து இதுதான் விதி.

"எண்ணெ கெட்டுப்போச்சுன்னா மூக்கு சொல்லாதுங்களா சார்?" என்று மாஸ்டர் கேட்டார்.

"சொல்லுங்க. ஆனா மூக்குக்குச் சர்டிபிகேட் கிடையாதே."

"இந்த மிஷினு எத்தன வருசமா பஜ்ஜி போடுதுங்க?"

மண்டபமே சிரித்தது. ஆனால் மாஸ்டரும் உள்ளுக்குள் அறிவார். அந்தக் காலத்தில் எண்ணெய்க்கு ஓய்வுபெறும் வயதே கிடையாது. பெரிய கடையில் பூரி பொரித்தது சின்னக் கடைக்கு வடைக்குப் போகும், அங்கிருந்து தள்ளுவண்டிக்கு, அதற்கப்புறமும் உயிர் இருந்தால் விளக்குக்கு. இப்போது பழைய எண்ணெயை பயோடீசலுக்கு எடுத்துப்போக ஆள் வருகிறார்கள். தேதி வைத்து வரவழைப்பதும், கிலோ விலை பேசுவதும் சங்கம். மாஸ்டர் தலைக்குல்லாயை மட்டும் கழற்றவே இல்லை. சுத்தத்துக்காக என்று அதிகாரி மெச்சினார். "பனிக்கு நல்லா இருக்குதுங்க" என்று என்னிடம் சொன்னார்.

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுப் பெண் இறந்துபோனபோது அந்த மண்டபத்துச் சிரிப்பு எனக்கு நினைவுக்கு வந்தது. அடுத்த நாட்களில் மாவட்டந்தோறும் சோதனை. வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கு யாரும் குட்மார்னிங் படம் போடவில்லை. எங்கள் செயலாளர் யாரிடமும் சொல்லாமல் கடை கடையாகப் போய் ஃப்ரீசரைத் திறந்து பார்த்தார். தேதி ஒட்டாத டப்பாவையெல்லாம் குப்பையில் கொட்டவைத்தார். உறுப்பினர் என்றும் பார்க்கவில்லை, சொந்த மச்சான் என்றும் பார்க்கவில்லை. சங்கம் அதிகாரிக்கு எதிராக நிற்பதைவிட அதிகாரிக்கு முன்னால் வந்து நிற்பது உபயோகமானது. இதைத் தீர்மானமாகப் போட்டால் யாரும் கையெழுத்திட மாட்டார்கள், அதனால் போடவில்லை.

சங்கத்தின் எல்லா உதவியும் இப்படிப் பலித்ததில்லை. தொண்ணூறுகளில் அது செய்த மாபெரும் சாதனை, பிளாஸ்டிக் கைப்பைகளை மொத்த விலையில் வாங்கி, சங்கத்தின் பெயரை அச்சடித்து, உறுப்பினர்களுக்குச் சலுகையில் கொடுத்தது. வாழை இலையும் சணல் கயிறும் பத்தாம்பசலி என்று ஒதுக்கப்பட்டன. 2019 ஜனவரி 1-இல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. வாழை இலை திரும்ப வந்தது, "இயற்கை" என்ற பட்டத்தோடும் புது விலையோடும். மிச்சமிருந்த கைப்பைக் கட்டுகள் பொருளாளர் வீட்டுப் பரணில் இருக்கின்றன. கொடுக்கவும் முடியாது, எரிக்கவும் கூடாது. நாங்கள் எல்லோரும் போனபிறகும் சங்கத்தின் பெயர் நிலைத்திருக்கும் ஒரே இடம் அதுதான்.

2024 செப்டம்பரில் கோயம்புத்தூரில் நடந்ததை நாடே பார்த்தது. அன்னபூர்ணா ஓட்டல் சீனிவாசன், மாநிலச் சங்கத்திலும் மூத்தவர், நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் முன்னால் எழுந்து, பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீமை வைத்தால் 18 சதவீதம், வாடிக்கையாளர் கிரீமைத் தனியாகக் கொடு, நானே வைத்துக்கொள்கிறேன் என்கிறார் என்று சொன்னார். கூட்டம் சிரித்தது. மறுநாள் அவர் அமைச்சரைச் சந்தித்து மன்னிப்புக் கேட்கும் வீடியோ வெளியே வந்தது, அப்போது யாரும் சிரிக்கவில்லை. வீடியோ வெளியானதற்கு அப்போதைய பாஜக மாநிலத் தலைவர் அண்ணாமலையும் வருத்தம் தெரிவித்தார். ஆக மொத்தம் ஒரு பன்னுக்கு இரண்டு மன்னிப்பு. 2025 செப்டம்பர் 22-இல் வரி விகிதங்களை மாற்றியபோது கேக், பேஸ்ட்ரி வகையறா 18-இலிருந்து 5-க்கு இறங்கின. எங்கள் ஊர் லாட்ஜுகளின் அறை வாடகைக்கும் 12 போய் 5 ஆயிற்று. அன்றைக்கு எங்கள் பேக்கரிக்காரர் எல்லோருக்கும் கிரீம் பன் அனுப்பினார். சங்கத்தில் சேராதவர் சங்கத்தின் வெற்றியைக் கொண்டாடியது அது முதல் தடவை.

பெங்களூர் எதிரி என்று சொன்னது உணவு டெலிவரிச் செயலிகளை. 1982-இல் தொடங்கிய தேசிய உணவகங்கள் சங்கம் 2021-இல் சோமாட்டோ, ஸ்விகி மேல் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தது. 2022-இல் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. அதே வருஷம், ஹோட்டல் கூட்டமைப்பு கொடுத்த இன்னொரு புகாரில் மேக்மைட்ரிப் குழுமத்துக்கு 223 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. எங்கள் பக்கத்து நாமக்கல்லில் ஓட்டல்காரர்கள் கமிஷன் தாங்கவில்லை என்று 2025 ஜூலை 1 முதல் செயலிகளுக்கு உணவு தர மாட்டோம் என்று அறிவித்தார்கள். ஆதரவுத் தீர்மானம் எங்கள் சங்கத்தில் ஒரே நிமிஷத்தில் நிறைவேறியது. என் மெஸ்ஸிலோ எதிர்க்கடையிலோ எந்தச் செயலியும் கிடையாது. மேகத்துக்குள்ளே தோட்டத்துப் பங்களா தேடி எவன் தோசை கொண்டுபோவான்? இல்லாத ஒன்றைத் துறப்பதற்குக் கைகள் சீக்கிரம் உயர்ந்தன.

2024 மே மாதம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தபோதுதான் சங்கம் இரண்டாகப் பிளந்தது. அங்கே போக முடியாத கூட்டம் இங்கே வரும் என்று ஒரு பாதி கூடுதல் அரிசி வாங்கியது. நாளைக்கு நமக்கும் வரும் என்று மறுபாதி மனு தயாரித்தது. இரண்டு பாதிக்கும் செயலாளர் ஒருவரே. அரிசிக்கும் அவரே மொத்த விலை பேசினார், மனுவையும் அவரே எழுதினார்.

அந்த வருஷக் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. பால் வரவில்லை, சிலிண்டர் வரவில்லை, கரண்டும் இல்லை. ஊரில் மாட்டிக்கொண்ட சுற்றுலாக்காரர்களுக்கு யாராவது சமைக்க வேண்டும். கூட்டம், தீர்மானம் எதுவும் இல்லை. எதிர்க்கடையில் சிலிண்டர் இருந்தது, அரிசி இல்லை. என்னிடம் அரிசி இருந்தது, கேஸ் இல்லை. அவர் கடை அடுப்பில் என் மாஸ்டர் தக்காளி சாதம் கிளறினார். என்ன விலை வைப்பது என்ற பேச்சு வந்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "பார்த்துக்கலாம்" என்றோம். பாதை திறந்த அன்று காலை அவர் கடையில் பொங்கலுக்கு இரண்டு வடை வைத்தார். பகை பழையபடி நல்ல ஆரோக்கியத்துக்குத் திரும்பியது.

போன மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் மூன்று. ஒன்று, வணிக சிலிண்டர் விலையைக் குறைக்கச் சொல்லி மத்திய அரசுக்கு மனு. ஒருமனதாக நிறைவேறியது. இரண்டு, வெளியூரிலிருந்து, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வேலை செய்கிற பையன்களுக்கு மருத்துவச் சான்று எடுக்கும் முகாம். அதுவும் ஒருமனதே. மூன்று, ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜிக்கு ஒரே விலை. செயலாளர் "மூன்றாவது" என்று வாயெடுத்ததும் சிலர் போனைப் பார்த்தார்கள், சிலர் கூரையைப் பார்த்தார்கள். அப்பா காலத்துத் தோசை விட்டத்தைப் பற்றி ஒரு பெரியவர் சொல்ல ஆரம்பித்தார். அப்போது ரவுண்டானாவில் அடுத்தடுத்து மூன்று டூரிஸ்ட் பஸ்கள் வந்து திரும்புகிற சத்தம் கேட்டது. ஒரு நிமிஷத்தில் மண்டபத்தில் செயலாளரும் பேக்கரி டீயும்தான் மிச்சம்.

படியில் எதிர்க்கடை மாமா மகனோடு சேர்ந்துதான் ஓடினேன்.

"மாப்ளே, உங்க கடைல இப்ப பஜ்ஜி என்ன வெலைங்க?" என்று கேட்டேன்.

"சங்கத்துல முடிவாகட்டுங்க மச்சான். ஆனதும் மொத ஆளா உங்களுக்குத்தான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு என்னை முந்திக்கொண்டு போனார்.